பந்தலில் தொங்கிய முகங்கள்

மஞ்சளாத்துப்பட்டியில் பறவைகள் மனித முகத்தைக் கண்டு பயப்பட ஆரம்பித்த வருஷம் பன்னீர் திராட்சை ஒரு கொத்துகூடச் சேதமில்லாமல் விளைந்தது, அதனால் முதல் இரண்டு மாதம் யாரும் அதைக் கெட்ட காலம் என்று சொல்லவில்லை. மலையிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கும் கிளியும் மைனாவும் சின்னான் குருவியும் தோட்டத்து ஓரம்வரை வந்து, யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல அலறிக்கொண்டு திரும்பிப் போயின. தோட்டக்காரர்கள் மீசையை முறுக்கிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் காரணம் வீடியோக்காரன் சுருளியாண்டிதான் என்பது அப்போது சுருளியாண்டிக்கே தெரியாது.

அவன் ஊரின் மேற்குக் கடைசியில் 'செல்வி வீடியோஸ்' வைத்திருந்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே மொட்டை மாடி. செல்வி என்பது அவன் மகள் வைகைச்செல்வியின் பெயர். நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்து மூன்றே நாளில் அவள் போய்விட்டாள், போர்டை மட்டும் அவன் கழற்றவில்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று சுற்றுவட்டத்தில் எது நடந்தாலும் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அவன்தான் முன்னால் நிற்பான்.

மதுரையிலிருந்து அவன் புதிதாக வாங்கிவந்த சிடி ரைட்டர், மற்ற ரைட்டர்களைப்போலப் படத்தைப் பதிவதோடு நிற்காது. கல்யாணப் படம் சிடியின் உள்வட்டத்தில் அடங்கியபின் வெளியே வெறுமையாக மிஞ்சும் வளையத்தில், அதே லேசரை வைத்து, எரித்த இடம் கருத்தும் எரிக்காத இடம் மினுங்கியுமாக, மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை வரைந்து கொடுக்கும். மை கிடையாது, காகிதம் கிடையாது. நேராகப் பிடித்தால் வெறும் பளபளப்பு, கொஞ்சம் சாய்த்தால் முகம். ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், ஒருமுறை எரித்தால் எரித்ததுதான், அழிக்க வழியில்லை. ஊர் மயங்கிப்போனது. கல்யாணமாகி முப்பது வருஷமானவர்கள்கூடப் பழைய போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்க மூஞ்சியையும் எரிச்சுக் குடுப்பா என்று கடைவாசலில் காத்துக் கிடந்தார்கள். ஆறு மாதத்தில் கைப்பிள்ளைவரை முகம் எரிக்காத வீடு ஊரில் ஒன்றுகூட இல்லை என்றாகிவிட்டது.

ஒவ்வொரு சிடி டப்பாவும் ஒவ்வொரு குணம். ஒன்றில் முகம் புகைபடிந்ததுபோல விழும், இன்னொன்றில் ஆவிபோல மங்கும். அதனால் புது டப்பாவைப் பிரித்தால் முதல் சிடியை ஒரு முகத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்பது அவன் வழக்கம். அந்தச் சோதனை முகம் அவன் மனைவி பவளக்கொடியுடையது. கல்யாணமான புதிதில் கடையின் சிவப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து அவன் எடுத்த படம். சிரி என்று அவன் சொன்னதற்கும் அவள் சிரித்ததற்கும் இடையில் கேமரா அவசரப்பட்டுவிட்டதால், அதில் அவள் சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அவனால் மட்டும் முடியும். இடது புருவத்தின் ஒரு சின்ன வளைவைப் பார்த்தே அவள் மனசை அவன் படித்துவிடுவான், அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாலு முகம் எரித்தால் ஒன்று வீணாகும். வீணானவையும் சோதனை சிடிகளுமாக ஒரு சாக்கு சேர்ந்தபோது திராட்சைத் தோட்டக்காரர் மொக்கராசு வந்து கேட்டார்.

"தம்பி, இதத் தூக்கிக் குப்பையில போடுறதுக்கு எங்கிட்டக் குடுத்தா பந்தல்ல கட்டிவிடுவேன்ல. காத்துல ஆடி மின்னுனா ஒரு குருவி அண்டாது."

எல்லா ஊரிலும் வீணான சிடியைப் பந்தலில் கட்டுகிறார்கள், அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் மற்ற ஊர் சிடியில் முகம் கிடையாது. சுருளியாண்டி அதை யோசிக்கவே இல்லை. "எடுத்துட்டுப் போங்கண்ணே, எடம் அடைக்குது" என்று சாக்கைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டான். மொக்கராசு தான் கட்டியது போக மிச்சத்தை ஊர்த் தோட்டங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தார், கொடியும் கம்பியும் பின்னிய பந்தலின் அடியில் ஊர்சனம் முழுவதும் நூலில் தொங்கிக்கொண்டு, காற்றடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தும் பார்க்காமலும் திரும்பிக்கொண்டு, வெயிலை வாங்கி வானத்தின்மேல் எறிந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கோழிகள் ஓட ஆரம்பித்தன. காலையில் கூடையைத் திறந்த பெண்களைப் பார்த்து, நேற்றுவரை காலைச் சுற்றிய கோழிகள், நரியைக் கண்டதுபோலக் கத்திக்கொண்டு கூரையேறின. அடைக்கோழி முட்டையை மிதித்துக்கொண்டு ஓடியது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனால்தான் தீவனம் வைக்க முடிந்தது. சந்தைக்கு வந்த கிளி ஜோசியக்காரர், பத்துப் பேர் வரிசையாக வந்து உட்கார்ந்தும் கிளி கூண்டின் மூலையைவிட்டு வெளியே வராததைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்க்காரவுகளுக்கு எதிர்காலமே இல்ல போலருக்கு" என்று சொல்லி, கூண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிப் போனார். அவர் சொன்னது சிரிப்பதற்காகச் சொன்னதுதான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

பந்தலில் யார் முகம் தொங்குகிறதோ அவரைக் கண்டால் பறவை ஓடுகிறது என்று புரிந்துகொள்ள ஊருக்கு ஒரு வாரம் ஆனது, பழகிக்கொள்ள அதைவிடக் குறைவான காலமே ஆனது. நன்றாக எரிந்த முகமுள்ளவர்களைப் பக்கத்து ஊர் சோளக்காட்டில் போய் நிற்கக் கூப்பிட்டார்கள், அவர்களும் குடையும் தூக்குச்சட்டியுமாகப் போய் நின்றார்கள். கல்யாணத் தரகர், பெண் நிறம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் முகம் எரித்ததா எரிக்காததா என்று கேட்டார். அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோனார்கள். சிடிகளை இறக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியும் பார்த்தார்கள், பயந்தது பயந்ததாகவே இருந்தது. டீக்கடை வீரணன் மட்டும் பொறுக்கமாட்டாமல், "என் மூஞ்சி, நான் ஒடைக்கிறேன்" என்று தன் சிடியை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தான். முறித்த கையோடு அவன் முகத்தின் இடப்பக்கம் தொங்கிப்போனது. வாயின் ஒரு ஓரத்தில் டீ வழிய வழிய அவன் குடிப்பதைப் பார்த்த ஊர், பீரோக்களைத் திறந்து சிடிகளை எடுத்துப் பட்டுத்துணியில் சுற்றி, கீறல்கூட விழாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது.

உண்மையான பயம் ஆடி அமாவாசையன்று வந்தது. குளித்து, விரதம் இருந்து, செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, சுவர்மேல் இலை போட்டு, கா கா என்று ஊர் முழுவதும் கூப்பிட்டது. முகத்தை மூடிக்கொண்டும் கூப்பிட்டது, ஒரு காக்கை வரவில்லை. காக்கை தொடாத சோற்றை மனிதர் தொடக்கூடாது என்பதால் சாயங்காலம்வரை பசியோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தொண்டை கட்டிய குரல்களால் தெரு நிறைந்தது. இலையில் சோறு காய்ந்தது. அப்பனுக்குச் சோறில்லை, ஆத்தாளுக்குச் சோறில்லை, பட்டினியாகப் போனவர்கள் சும்மா போவார்களா என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அதற்குப் பிறகு நட்டநடுப் பகலிலேயே கதவுகள் சாத்தியிருந்தன. காற்றில் ஒரு தகரம் ஆடினாலும் பசித்த யாரோ வந்து நிற்பதாக நினைத்துப் பெரிய ஆண்பிள்ளைகள்கூட அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஊரில் ஒரே ஒருவனிடம் மட்டும் காக்கைகள் வந்தன. எல்லார் முகத்தையும் எரித்த சுருளியாண்டி தன் முகத்தை எரித்துக்கொண்டதே இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவனை யார் படம் எடுப்பார்கள்? அவன் மொட்டை மாடியில் தனியாக ஏறி ஒரு கை சோறு வைத்தால் போதும், ஊரைவிட்டுப் போன காக்கைகள் அத்தனையும் மலைப்பக்கமிருந்து கறுப்பாக வந்து இறங்கின. அடுத்த அமாவாசைக்கு ஊரே தன் இலைகளைக் கொண்டுவந்து அவன் மாடியில் போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு வேலிக்கு அப்பால் போய் நின்றது. நூற்றுக்கணக்கான காக்கைகள் நடுவில் அவன் ஒருவன் நின்றான். அவை தின்னும்போது நடுநடுவே தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தன. ஊரின் செத்தவர்கள் அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் அவன் நகரவில்லை. நகர்ந்தால் கீழே இருக்கும் உயிருள்ளவர்கள் விடமாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பவளக்கொடி வீட்டுக்குள் இருந்தாள். ஊரில் எல்லாரையும்விட அவளைக் கண்டுதான் பறவைகள் அதிகம் பயந்தன, ஏனென்றால் மற்றவர்கள் முகம் ஒன்றோ இரண்டோ தொங்கியது, அவள் சோதனை முகம் இருபத்து மூன்று பந்தல்களில் இன்னும் இறக்க ஆளில்லாமல் தொங்கியது. அவள் கதவைத் திறந்தால் அரை மைல் தூரத்து மரம் காலியாகும்.

அவளுக்கு அமாவாசை ஒரு பொருட்டே இல்லை. செத்த சின்னப் பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது என்று ஊரில் சொல்லியும் கேட்காமல், மகள் போன மறுநாளிலிருந்து ஒவ்வொரு மதியமும் அவித்த முட்டை ஒன்றை உரித்து மாடிச்சுவரில் வைப்பாள். செல்வி முட்டை தின்றால் மஞ்சள்கருவைத் தோண்டித் தின்றுவிட்டு வெள்ளையை அம்மா வாயில் திணிப்பாள். ஒரு சின்னக் காக்கை வந்து அதேபோல மஞ்சள்கருவை மட்டும் கொத்தித் தின்றுவிட்டு வெள்ளையை விட்டுப் போகும். மிஞ்சிய வெள்ளையைப் பவளக்கொடி தின்பாள். மூன்று வருஷமாக அதுதான் அவள் மதியச் சாப்பாடு. இப்போது அந்தக் காக்கையும் சுருளியாண்டி வைத்தால்தான் வந்தது.

புரட்டாசி அமாவாசைக்கு முதல்நாள் மொக்கராசு நாலு பேரோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்கிறாத தம்பி. தங்கச்சிய ஒரு ஆறு மாசம் அவுக அம்மா வீட்டுக்கு அனுப்பிவையேன்."

"எதுக்குண்ணே?"

"போன அமாவாசையில தங்கச்சி சன்னலத் தெறக்கவும் பாதிக் காக்கா பறந்துருச்சு. எங்கப்பன் எலை அப்படியே கெடக்கு. கனவுல வந்து வெறுஞ்சட்டியக் காட்டுறாருப்பா. நான் தூங்கிப் பத்து நாளாச்சு." அவர் பெரிய உடம்பு ஆள். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ எங்கயும் போக மாட்டா. எம்புள்ள இங்கதான் வருது."

"அப்பக் கதவு தெறக்காமப் பாத்துக்க" என்றார் பின்னால் நின்ற ஒருவர். அதைச் சொன்ன விதம் சுருளியாண்டிக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவன் மாடியில் நின்றபோது யாரோ வீட்டுக் கதவை வெளியே தாழ் போட்டார்கள். சன்னலிலும் ஆணி அடித்தார்கள். சத்தம் அவனுக்குக் கேட்டது. உள்ளேயிருந்து பவளக்கொடி, "ஏங்க, ஏங்க" என்று கதவைத் தட்டியதும் கேட்டது. காக்கைகள் அப்போதுதான் இலைகளில் வாய் வைத்திருந்தன. வேலிக்கு அப்பால் முகம் மூடிய ஊர் அசையாமல் நின்றது. அவன் இறங்கிப் போய்க் கதவைத் திறக்கவில்லை. காக்கைகள் தின்று முடிக்கும்வரை அவன் நின்ற இடத்திலேயே நின்றான், அந்த அரைமணி நேரத்துக்காக அவன் பிறகு ஒருநாளும் தன்னை மன்னிக்கவில்லை.

அவன் தாழைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்திருந்தாள்.

"பாத்தேங்க. சின்னக் காக்கா எதுத்த சுவத்துல வந்து உக்காந்துச்சு. இந்த இடுக்குல என் கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். அதுக்கே அலறியடிச்சுச் சுவத்துல மோதி விழுந்து எந்திரிச்சு ஓடுது." மெதுவாகத்தான் பேசினாள். "எம்புள்ள என்னயப் பாத்துப் பயப்படுது. நான் அம்மா வீட்டுக்குப் போனா மட்டும் அதுக்குப் பயம் போயிருமா?"

"நான் என்ன செய்யட்டும் பவளம்? ஒடைக்கக் கூடாதுல்ல. வீரணனப் பாத்தேல்ல."

"ஒடைக்க வேணாம். எரிச்ச எடம் கறுப்பு, எரிக்காத எடம் வெளிச்சம். அதுனாலதான மொகம் தெரியிது? மிச்ச வெளிச்சத்தையும் எரிச்சுவிட்டுருங்க. சிடியில மொகமே இல்லாமப் போயிரும்ல."

அவன் இத்தனை வருஷம் செய்த தொழிலில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

"வேணாம். எனக்குப் பயமாருக்கு."

"எனக்கும்தான். அதுக்காகக் கதவத் தெறக்காம இருப்பீகளா?"

இரண்டு நாள் அலைந்து, தோட்டம் தோட்டமாகப் போய், முகத்தை அழிக்கப்போவதைச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கேட்டு, இருபத்து மூன்று சிடியையும் வாங்கிவந்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் சிடியை ரைட்டருக்குள் தள்ளினான். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரைட்டர் முனகியது. பன்னிரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்த சிடி, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மங்கலான வளையமாக இருந்தது. அவன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. வாய் கோணவில்லை. அவன் பெருமூச்சு விட்டான்.

ஐந்தாவது சிடிக்குப் பிறகு அவள் மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது, திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டான். பத்தாவதுக்குப் பிறகு மறுபடியும் அதே சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது என்று நினைத்து முகத்தைக் கழுவிக்கொண்டான். பதினாறாவது ஓடும்போது அவள் எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்து நீட்டினாள், யாரோ அக்கம்பக்கத்துப் பெண் உள்ளே வந்துவிட்டாள் என்று அவன் துள்ளி எழுந்துவிட்டான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அசதி."

அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தும் பொத்தான்மேல் விரலையும் வைத்தான். ஆனால் அவள் இடையிலேயே அடுக்களைக்குப் போய் ஒரு முட்டையை அவியவைத்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் கொதிக்கும் சத்தமும் முட்டை பாத்திரத்தில் தட்டும் சத்தமும் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. தட்டிய கதவைத் திறக்காதவன், இதையும் செய்யமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்? கடைசி ஆறு சிடியை அவன் அவள் பக்கம் திரும்பாமலே எரித்தான். சிவப்புத் திரைக்கு முன்னால் எடுத்த அவள் படம் கம்ப்யூட்டரில் இருந்தது, அதைத் திறந்து பார்க்கவும் அவனுக்குத் துணிவில்லை.

இருபத்து மூன்றாவது வெளியே வந்தபோது வெயில் சாய்ந்து மணி மூன்றாகியிருந்தது. அவள் உரித்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தை மூடாமல், மாடிப்படி ஏறினாள். அவன் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். தெருவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். முதலில் பயந்து யாரோ கல்லைக்கூட எடுத்தார்கள்.

சின்னக் காக்கை வந்தது. சுவரில் உட்கார்ந்தது, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தது, தத்தித்தத்தி அவள் கைமேல் ஏறியது. மஞ்சள்கருவைத் தோண்டித் தின்றது. அவள் தோள்மேல் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, தலைமேல் ஒன்று, காலடியில் பத்து. அங்கே ஒருத்தி நிற்கிறாள் என்று ஒரு பறவைக்கும் தெரியாததுபோல இருந்தது. கல் எடுத்தவர் கல்லைக் கீழே போட்டார். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடும் காலடிச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

அவள் வெள்ளைக்கருவை வாயில் போட்டுக்கொண்டு அவனிடம் ஓடிவந்தாள்.

"ஏங்க, பாத்தீகளா? மஞ்சக்கருவத்தான் மொதல்ல தின்னுச்சு. கையில ஏறி உக்காந்துச்சுங்க!"

குரல் அவளுடையது. கண்ணாடி வளையல் அவளுடையது, உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது, கழுத்தில் அவன் கட்டிய தாலி கிடந்தது. அதற்கு மேலே அவன் பார்த்தபோது, நேராகப் பிடித்த சிடியில் பார்ப்பதுபோல, வெறும் பளபளப்புதான் இருந்தது. அவன் தலையை இடப்பக்கம் சாய்த்தான். வலப்பக்கம் சாய்த்தான். முப்பது ஊர் முகங்களை மனப்பாடமாக வைத்திருந்தவன், சிவப்புத் திரையை நினைத்துப் பார்த்தான், திரை வந்தது, அதன் முன்னால் போட்டிருந்த ஸ்டூல் வந்தது. ஸ்டூலில் யாரும் இல்லை.

"சுருளி!" கீழே மொக்கராசு நின்றார். துண்டில் பொதிந்த சிடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். "எனக்கு மொதல்ல அழிச்சுவிட்டுருப்பா. எங்கப்பனுக்கு என் கையாலயே சோறு போடணும்." அவருக்குப் பின்னால் வீரணன் தன் உடைந்த சிடியின் இரண்டு துண்டுகளோடு நின்றான், அவனுக்குப் பின்னால் புதுசாகக் கல்யாணமானவர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்தவர்கள், தெருமுனைவரை ஊர் முழுவதும், ஆளுக்கொரு சிடியோடு, வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.

இந்த மாதிரி நேரங்களில் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். அவள் புருவத்தைப் பார்ப்பான், அது வளைந்தால் சரி, நேராக நின்றால் வேண்டாம். பதினோரு வருஷமாக அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் முடிவு செய்திருந்தான். பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினான். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான்.

"பவளம்" என்றான். "நீ இப்பச் சிரிக்கிறியா, அழுகிறியா?"

"என்ன கேள்வி கேக்குறீக" என்றாள் அவள். "மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா?"